காருக்கு அடியில் ஓடும் காற்று

மலருக்கு ஒரு விஞ்ஞானக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்து நண்பர்கள் கேட்டார்கள். இலக்கியத்தில் அறிவியல் தேடி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் முப்பது வருஷம் பம்புகளோடும் காற்றுக் குழாய்களோடும் மல்லுக்கட்டியவன். ஆகவே எனக்குத் தெரிந்த காற்றைப் பற்றியே எழுதுகிறேன். அதிலும், யாரும் குனிந்து பார்க்காத இடத்தில் ஓடும் காற்று. பந்தயக் காரின் வயிற்றுக்கும் சாலைக்கும் நடுவே உள்ள நாலைந்து சென்டிமீட்டர் இடைவெளியில் ஓடுகிற காற்று.

இதில் என்னை இழுத்துவிட்டது என் பெண். இன்ஜினியரிங் படிக்கும்போது அவளும் சக மாணவர்களும் சேர்ந்து, மாணவர் போட்டிக்காகச் சின்னதாக ஒரு பந்தயக் கார் கட்டினார்கள். அவளுக்கு ஒப்படைத்த பாகம் காரின் அடித்தளம். "அப்பா, நீங்க ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் ஆளாச்சே, இந்தக் கணக்கை ஒரு தடவை பாருங்களேன்" என்று காகிதக் கட்டைக் கொண்டுவந்து வைத்தாள். பார்த்தேன். சரியாக இருக்கிறது என்று சொன்னேன். அது சரியாக இல்லை. எங்கே தப்பு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அது புரிய வேண்டுமானால் முதலில் விஷயம் புரிய வேண்டும்.

காரை ஏன் அழுத்த வேண்டும்?

நேர்க்கோட்டில் வேகமாக ஓட நல்ல இன்ஜின் இருந்தால் போதும். வேகமாகத் திரும்பத்தான் டயருக்குப் பிடிப்பு வேண்டும். டயரின் மேல் எவ்வளவு பாரம் அழுத்துகிறதோ, ஏறக்குறைய அந்த விகிதத்தில் பிடிப்பு கூடும்.

"அப்படின்னா வண்டியிலே நாலு அரிசி மூட்டையை ஏத்திட்டாப் போச்சு!" என்றாள் என் மனைவி. கேலியாகச் சொன்னாலும் நல்ல கேள்வி. மூட்டையை ஏற்றினால் பிடிப்பு கூடும், வாஸ்தவம். ஆனால் வளைவில் திருப்ப வேண்டிய எடையும் அதே விகிதத்தில் கூடிவிடும். வலது கையில் கொடுத்ததை இடது கை பிடுங்கிக்கொள்ளும். காற்று அப்படியில்லை. எடை எதையும் சேர்க்காமல் அழுத்தத்தை மட்டும் தருகிறது. இதைத்தான் டவுன்ஃபோர்ஸ் என்கிறார்கள். நாம் கீழழுத்த விசை என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு சின்னக் கணக்கு. 100 மீட்டர் ஆரமுள்ள வளைவு. டயரின் உராய்வுக் கெழு 1.5. வெறும் எடையை மட்டும் நம்பித் திரும்பினால் மணிக்கு ஏறக்குறைய 138 கி.மீ. வேகம்தான் போகலாம். காரின் எடைக்குச் சமமாகக் காற்றும் அழுத்தினால் அதே வளைவில் 195 கி.மீ. வேகத்தில் போகலாம். இன்ஜினில் கை வைக்காமலே கிடைத்த லாபம் இது.

அழுத்துவதற்கு முதலில் கண்ட வழி இறக்கை. விமான இறக்கையைத் தலைகீழாக மாட்டினால் தூக்குவதற்குப் பதில் அழுத்தும். ஃபார்முலா ஒன் கார்களில் 1968-ல் இறக்கைகள் வந்தன. ஆனால் இறக்கை சும்மா அழுத்தாது. பின்னால் பிடித்து இழுக்கவும் செய்யும். காரில் அதைவிடப் பெரிய பரப்பு ஒன்று சும்மா கிடந்தது. அதுதான் அடித்தளம்.

மேகதாட்டும் இரண்டு காகிதங்களும்

திருச்சி முக்கொம்பில் அகண்ட காவிரியைப் பார்த்தவர்களுக்கு அது அசைகிறதா என்றே சந்தேகம் வரும். அதே காவிரி கர்நாடகத்தில் மேகதாட்டு பாறையிடுக்கில் சீறிக்கொண்டு பாய்கிறது. வருகிற தண்ணீர் அத்தனையும் குறுகிய வழியில் போயாக வேண்டுமென்றால் வேகமாகத்தான் போக வேண்டும். காருக்கு அடியில் நுழையும் காற்றுக்கும் இதே கதிதான்.

வேகம் கூடினால் என்ன ஆகும்? 1738-ல் வெளிவந்த தம் நூலில் டேனியல் பெர்னூலி இதை ஆராய்ந்தார். ஓட்டத்தின் வேகம் கூடும் இடத்தில் அதன் அழுத்தம் குறையும். நம்பிக்கை இல்லாவிட்டால் இரண்டு காகிதங்களை நாலு விரல் இடைவெளியில் தொங்கவிட்டு நடுவே ஊதிப் பாருங்கள். விலகிப் போகும் என்று நினைப்போம். ஒட்டிக்கொள்ளும்! குழந்தைகளுக்குச் செய்து காட்டுங்கள், மகிழ்ந்து போவார்கள். ஒரு காகிதம் காரின் வயிறு, மற்றது சாலை. சாலை நகராது. ஆகவே கார்தான் கீழே இழுபடும்.

எவ்வளவு இழுக்கும்? மணிக்கு 180 கி.மீ. என்பது நொடிக்கு 50 மீட்டர். அடியில் நுழைந்த காற்று ஒன்றரை மடங்கு வேகமாகி, நொடிக்கு 75 மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெர்னூலி கணக்குப்படி ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 190 கிலோ பாரத்துக்குச் சமமான அழுத்தக் குறைவு. அடித்தளம் 2 சதுர மீட்டர் என்றால் 380 கிலோ. நம் தலைக்கு மேலுள்ள காற்று மண்டலம் ஒரு சதுர மீட்டரை ஏறக்குறைய 10 டன் பாரத்தோடு அழுத்துகிறது. அதில் இரண்டு சதவிகிதம்கூடக் குறையவில்லை. அதற்கே இந்தப் பலன். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு, அதாவது 1,500 கிலோவுக்கு மேல். 2022-ல் ஃபார்முலா ஒன் காருக்கு விதித்த குறைந்தபட்ச எடை, ஓட்டுநரோடு சேர்த்து, 798 கிலோதான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இதில் முக்கியமான ஆள் பின்பக்கம் இருக்கிறார். குறுகிய கழுத்தைத் தாண்டியதும் அடித்தளம் மெதுவாக மேல்நோக்கி விரிய வேண்டும். இதற்கு டிஃப்யூசர் என்று பெயர். நீர்மின் நிலையத்தில் டர்பைனுக்குக் கீழே டிராஃப்ட் ட்யூப் என்று விரிந்துகொண்டே போகும் குழாய் இருக்கும். என் போன்ற ஆட்களுக்கு அது பழைய சிநேகிதம். வெளியேறும் இடத்தில் தண்ணீர் நிதானமாகி வெளி அழுத்தத்துக்குச் சமமாகிறது. அதனால் டர்பைனுக்கு அடியில் அழுத்தம் அதற்கும் கீழே போய், தண்ணீரை உறிஞ்சி இழுக்கிறது. டிஃப்யூசரும் இதே வேலையைத்தான் செய்கிறது. பேராசைப்பட்டுச் செங்குத்தாக விரித்தால், காற்று சுவரோடு ஒட்டி ஓடாமல் பிய்த்துக்கொண்டு சுழலும். உறிஞ்சல் போய்விடும். அதனால்தான் அந்தச் சரிவு எப்போதும் சாதுவாக இருக்கும்.

தொங்கிப்போன மாதிரி

இவ்வளவு பழைய சூத்திரம் பந்தயக் காருக்கு வந்து சேர்ந்தது ஓர் ஓட்டை மாதிரியின் தயவால். 1970-களின் நடுவில் லோட்டஸ் நிறுவனத்தின் காலின் சாப்மன், டோனி ரட், பீட்டர் ரைட் ஆகியோர் புதிய கார் ஒன்றைத் திட்டமிட்டார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் காற்றுச் சுரங்கத்தில் சோதனை. அங்கே மாதிரிக் காருக்குக் கீழே தரையும் பெல்ட் போல ஓடும். ஒரு நாள் அளவுகள் ஒழுங்கில்லாமல் ஏறி இறங்கின. குனிந்து பார்த்தால், மாதிரியின் பக்கப் பெட்டிகள் தொய்ந்து தரையை நோக்கித் தொங்கியிருந்தன. தொங்கத் தொங்கக் கீழழுத்தம் கூடியது. பக்கவாட்டு இடுக்கை அட்டையால் அடைத்துப் பார்த்தார்கள். அழுத்தம் எகிறியது.

காரணம் எளிது. அடியில் அழுத்தம் குறைவு, பக்கத்தில் அதிகம். இடுக்கு இருந்தால் வெளிக்காற்று உள்ளே கசிந்து கெடுத்துவிடும். ஓட்டையுள்ள ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுவது போலத்தான். ஆகவே காரின் இரு பக்கமும் தரையைத் தொடுமாறு பாவாடை கட்டினார்கள். ஸ்கர்ட் என்றே அதற்குப் பெயர். 1977-ல் லோட்டஸ் 78, அடுத்த வருஷம் லோட்டஸ் 79. 1978-ல் மரியோ ஆண்ட்ரெட்டி உலக சாம்பியன்.

காற்று ஓடி உறிஞ்சுவதற்குப் பதிலாக விசிறி வைத்தே உறிஞ்சினால்? அமெரிக்கர் ஜிம் ஹால் 1970-லேயே செய்து பார்த்துவிட்டார். அவருடைய சாபரல் 2ஜே காரின் பின்னால் இரண்டு விசிறிகள், அவற்றை ஓட்டத் தனியாக ஒரு பனிவண்டி இன்ஜின். 1978-ல் பிரபாம் குழுவின் கார்டன் மரே இன்ஜினாலேயே சுழலும் பெரிய விசிறி வைத்தார். "ரேடியேட்டரைக் குளிர்விக்கத்தான்" என்று விளக்கம் வேறு! ஸ்வீடன் பந்தயத்தில் நிக்கி லாடா அரை நிமிஷத்துக்கும் மேலான வித்தியாசத்தில் ஜெயித்தார். ஃபார்முலா ஒன்னில் அந்த விசிறிக் கார் ஓடிய ஒரே பந்தயம் அதுதான்.

கையை விட்டுப் போகும் காற்று

இதுவரை நல்ல பக்கம். இனி மறுபக்கம்.

இறக்கை உயரத்தில் இருக்கிறது. சாலை மேடு பள்ளமானாலும் அதற்குப் பெரிய பாதிப்பில்லை. அடித்தளத்தின் விசையோ இடைவெளியைப் பொறுத்தது. இடைவெளி குறையக் குறைய விசை கூடும், ஓர் எல்லை வரை. அதற்கும் கீழே போனால், சாலையையும் காரையும் ஒட்டி மந்தமாக நகரும் காற்றுப் படலங்கள் இடைவெளியை அடைத்துவிடும். ஓட்டம் தடைப்படும், விசை சட்டென்று விழும். உச்சத்துக்குப் பக்கத்திலேயே பள்ளம்.

இப்போது ஓடுகிற காரை எண்ணிப் பாருங்கள். வேகம் கூட, உறிஞ்சல் காரைக் கீழே இழுக்கிறது. இடைவெளி குறைய, உறிஞ்சல் இன்னும் கூடுகிறது. எல்லை தாண்டியதும் ஓட்டம் அடைபட்டு விசை விழுகிறது. ஸ்பிரிங் காரை மேலே தூக்குகிறது. இடைவெளி திறந்ததும் மறுபடி உறிஞ்சல். நொடிக்குப் பல தடவை இந்த ஆட்டம். கடலில் எழுந்து எழுந்து மூழ்கும் கடல்பன்றியைப் பார்த்து இதற்குப் போர்ப்பாய்ஸிங் என்று பெயர் வைத்தார்கள். 1979-ல் காரின் அடிப்பாகம் முழுவதையும் உறிஞ்ச வைக்க ஆசைப்பட்டு சாப்மன் கட்டிய லோட்டஸ் 80 இதனால்தான் கைவிடப்பட்டது.

இதைத் தடுக்க ஸ்பிரிங்குகளைக் கல் மாதிரி இறுக்கினார்கள். குலுங்கியது ஓட்டுநரின் முதுகெலும்பு. பாவாடை ஒரு கல்லில் சிக்கி மேலேயே நின்றுவிட்டால் வளைவின் நடுவே பிடிப்பு காணாமல் போகும். ஓட்டுநர் செய்வதற்கு ஒன்றும் இராது. வளைவு வேகங்கள் ஆபத்தான அளவுக்கு ஏறிவிட்டன என்ற கவலை 1982-ன் கொடிய விபத்துகளால் வலுத்தது. 1983 முதல் சக்கரங்களுக்கு நடுவே அடித்தளம் தட்டையாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது.

ஒரு மரப்பலகை

தட்டையாக்கினாலும் தரைக்கு அருகே போகும் ஆசை போகவில்லை. 1994 மே 1 அன்று இத்தாலியின் இமோலாவில் அயர்டன் சென்னா இறந்தார். ஸ்டியரிங் தண்டு முறிந்தது என்பது ஒரு வாதம். காரின் அடி சாலையில் இடித்துப் பிடிப்பு போனது என்பது இன்னொரு வாதம். இன்றுவரை ஒருமித்த முடிவு இல்லை. ஆனால் அந்த ஆண்டு நடுவிலேயே எல்லாக் கார்களின் வயிற்றிலும் 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள மரப்பலகை ஒன்றைப் பொருத்தச் சொன்னார்கள். பந்தயம் முடிந்து அளக்கும்போது ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தேய்ந்திருந்தால் தகுதி நீக்கம். காரை மிகத் தாழ்வாக ஓட்டினால் பலகை காட்டிக்கொடுத்துவிடும்.

கோடிக்கணக்கில் செலவழித்து கார்பன் இழையில் கட்டிய காருக்கு ஒரு மரத்துண்டு நீதிபதி! அந்த வருஷமே பெல்ஜியத்தில் முதலாவதாக வந்த மைக்கேல் ஷூமாக்கர் பலகைத் தேய்மானத்தால் வெற்றியை இழந்தார். 2023-ல் அமெரிக்காவில் ஹாமில்டனும் லெக்ளேரும், 2025-ல் லாஸ் வேகாஸில் நாரிஸும் பியாஸ்ட்ரியும் அதே பலகையால் பறிகொடுத்தார்கள்.

விதி ஒரு கதவை மூடினால் இன்ஜினியர் ஜன்னலைத் தேடுவார். 2009-ல் பிரான், டொயோட்டா, வில்லியம்ஸ் ஆகிய மூன்று குழுக்கள் டிஃப்யூசருக்கு மேல் இன்னொரு டிஃப்யூசரை மறைத்து வைத்தன. அந்த ஆண்டு பட்டத்தை பிரான் காரில் ஜென்சன் பட்டன் வென்றார். பிறகு இன்ஜின் புகையையே டிஃப்யூசர் பக்கம் ஊதவிட்டு உறிஞ்சலைக் கூட்டினார்கள். 2011 அக்டோபர் 30 அன்று நம் கிரேட்டர் நொய்டா புத் சர்க்யூட்டில் நடந்த முதல் இந்திய கிராண்ட் பிரீக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஓட்டுகிறார் என்ற பெருமை வேறு. வளைவுக்கு முன் ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் சில கார்கள் கரகரவென்று உறுமிக்கொண்டே இருந்தன. "ஏம்ப்பா, காலை எடுத்தப்புறமும் சத்தம் போடுது?" என்று பெண் கேட்டாள். காற்றை ஊதுவதற்காகத்தான் இன்ஜினை அப்படி ஓடவிட்டிருந்தார்கள். அன்றைக்கு ஜெயித்த வெட்டல் அடுத்த இரண்டு வருஷங்களும் இங்கே ஜெயித்தார். அவள் இந்தத் துறையில் விழுந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

2022-ல் உறிஞ்சும் சுரங்கங்களை விதியே திரும்பக் கொண்டுவந்தது. முன்னால் போகும் கார் கலக்கிவிட்ட காற்றில் பின்னால் வருபவரின் இறக்கைகள் சரியாக வேலை செய்வதில்லை. அடித்தளத்தை அதிகம் நம்பினால் நெருங்கிப் போட்டியிடலாம் என்பது எண்ணம். ஆனால் 43 வருஷத்துக்கு முந்தைய கடல்பன்றியும் கூடவே வந்தது. காற்றுச் சுரங்கமும் கம்ப்யூட்டரும் வைத்திருந்த பெரிய குழுக்களே திகைத்துப் போயின. அஜர்பைஜான் பந்தயம் முடிந்ததும் ஹாமில்டன் முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கியதை டிவியில் பார்த்திருப்பீர்கள். குதிப்புக்கு ஓர் உச்சவரம்பு வைத்தார்கள். 2023-ல் அடித்தள ஓரங்களை 15 மில்லிமீட்டர் உயர்த்தினார்கள். 2026-ன் விதிகளில் அந்த நீண்ட சுரங்கங்கள் போய், பெரும்பாலும் தட்டையான தளம் திரும்பிவிட்டது.

எங்கள் கணக்கு

இனி என் தப்புக்கு வருகிறேன். மாணவர் கார் மணிக்கு 50, 60 கி.மீ. வேகத்தில்தான் வளையும். அந்த வேகத்தில் அடித்தளம் தரக்கூடியது 15, 20 கிலோ அழுத்தம். ஓர் அரிசி மூட்டைகூட இல்லை. அதைக் கூட்ட என் பெண் இடைவெளியை 3 சென்டிமீட்டராகக் குறைத்தாள். பெர்னூலி சரி, டிஃப்யூசர் கோணம் சரி, கூட்டல் கழித்தல் சரி. நான் தலையாட்டினேன்.

கல்லூரி மைதானத்தில் சோதனை ஓட்டம். ஓட்டியது ஒரு பஞ்சாபிப் பையன், எங்கள் வீட்டுத் தோசைக்கு அடிமை. நேர்ப்பாதை முடிவில் பிரேக் போட்டுத் திருப்பினான். கார் திரும்பவில்லை. நேராக வழுக்கிக்கொண்டு போய் அடுக்கியிருந்த டயர்களில் மோதியது. மணிக்கட்டில் அடி, நல்லவேளையாக எலும்பு முறியவில்லை. காரைக் கவிழ்த்துப் பார்த்தோம். அடித்தளத்தின் முன்பகுதி முழுவதும் தார் உரசிய கோடுகள்.

அன்று ராத்திரி கணக்கை மறுபடி எடுத்தேன். அதில் இருந்தது நிற்கிற கார். பிரேக் போட்டால் மூக்கு தாழும், அது ஒன்றரை சென்டிமீட்டர். டயர் நசுங்குவது அரை சென்டிமீட்டர். மைதானத்துத் தாரின் மேடு ஒரு சென்டிமீட்டர். கூட்டினால் மூன்று! பிரேக் போட்ட அந்தக் கணத்தில் கார் வயிற்றால் தரையில் ஊன்றிவிட்டது. வயிறு ஊன்றினால் சக்கரத்தின் பாரம் குறையும், பாரம் குறைந்தால் பிடிப்பு குறையும். பிடிப்பைக் கூட்டுவதற்காக வைத்த பொருளே இருந்த பிடிப்பையும் பறித்துவிட்டது. இதில் பெர்னூலி எதற்கு, மூன்றாம் வகுப்புக் கூட்டல் போதும். முப்பது வருஷ அனுபவக்காரன் அதைக் கேட்கவில்லை. அந்தப் பையனின் அம்மாவுக்கு நானே போன் செய்து சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பிறகு இடைவெளியை 5 சென்டிமீட்டராக உயர்த்தினார்கள். அழுத்தத்தில் நல்ல பங்கு போயிற்று. இருந்தாலும், பிரேக்கிலும் வளைவிலும் மேட்டிலும் கார் எப்படிச் சாய்ந்தாலும் எவ்வளவு மிஞ்சும் என்று தனித்தனியாக என் பெண் அட்டவணை போட்டாள். அடியில் நான்கு இடத்தில் மரக்கட்டை திருகி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு ஸ்கேலால் அளந்து எழுதினாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் 1994-ன் பலகைக்கு அவளும் வந்து சேர்ந்தாள். அதே பையன்தான் போட்டியில் ஓட்டினான். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் முழு தூரமும் ஓடி முடித்தார்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகள் இப்போது கார், ராக்கெட், ட்ரோன் என்று என்னென்னவோ கட்டுகிறார்கள். கணக்கைக் கொண்டுவந்து காட்டினால் விடை சரியா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கொடுக்காதீர்கள். "இது ஓடும்போது, சாயும்போது, இடிக்கும்போது என்ன ஆகும்?" என்றும் ஒரு கேள்வி கேளுங்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அந்த நான்கு கட்டைகளில் ஒன்று என் மேஜைமேல் இருக்கிறது. ஒரு ஓரம் இரண்டு மில்லிமீட்டர் தேய்ந்திருக்கிறது.